ஓடிபி வராமலே போன பணம்

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறோம். அறைகளை விளம்பரப்படுத்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தளத்தில் கணக்கு உண்டு. மாதாமாதம் கிரெடிட் கார்டிலிருந்து டாலரில் பணம் போகும். அந்தக் கணக்குக்குள் யாரோ புகுந்து, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பொருளுக்கு எங்கள் காசில் விளம்பரம் ஓட்டிவிட்டார்கள்.

ஓடிபி இல்லாமல் எப்படிப் போனது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இந்திய நிறுவனத்துக்குக் கார்டில் பணம் கட்டினால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் பல நேரம் கேட்காது. கார்டு ஏற்கெனவே அந்தக் கணக்கில் பதிவாகியிருந்தால், உள்ளே நுழைந்தவனுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

அது நவம்பர் மழை. மரம் விழுந்து கரண்ட் போனால் இங்கே கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். சிக்னல் திரும்பியபோது வங்கியின் எஸ்எம்எஸ்கள் வரிசையாக வந்து விழுந்தன. நிறுவனம் அனுப்பிய ரசீதுகள் ஒன்றுகூட மெயிலில் இல்லை. பிறகு பார்த்தால், மெயில் பெட்டிக்குள்ளும் நுழைந்து ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருக்கிறான்: அந்த நிறுவனத்திலிருந்து வருவதெல்லாம் நேராகக் குப்பைக்குப் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த ஃபில்டர் அப்படியேதான் இருக்கும். ஃபார்வர்டிங், மீட்பு எண், அனுமதி பெற்ற ஆப்கள், வேறு எந்தெந்தக் கருவியில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் கார்டை பிளாக் செய்ய வேண்டும். வங்கி ஆப்பிலேயே செய்துவிட்டு, கார்டின் பின்புறம் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். இணையத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்களும் வரும், கவனம். அந்தப் பக்கம் பேசிய பையன், “மேடம், யாருக்காவது ஓடிபி சொன்னீங்களா?” என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். “ஓடிபியே வரலப்பா, வராததை எப்படிச் சொல்றது? இது வெளிநாட்டுப் பரிவர்த்தனை, நான் செய்யாதது. அப்படியே எழுதிக்கோ” என்று சொல்லிப் புகார் எண் வாங்கினேன். அந்த எண்தான் பின்னால் காப்பாற்றியது.

அடுத்து 1930. சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்பார்கள். எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துப் படித்தால் போதும். அவர்கள் தந்த ஒப்புகை எண்ணோடு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் முழுப் புகாரைப் பதிந்தேன். ஊட்டி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் கட்டபெட்டு வழியாக பஸ்ஸில் போய் வந்தேன். அங்கிருந்தவர் ஒளிக்காமல் பேசினார்: “இன்னொருத்தர் அக்கவுண்டுக்குப் போயிருந்தா முடக்கப் பார்க்கலாம்மா. இது விளம்பரமா ஓடித் தீர்ந்துடுச்சு. பேங்க்தான் திருப்பி வாங்கித் தரணும்.”

வங்கிக் கிளையில் பரிவர்த்தனையை மறுக்கும் படிவம் ஒன்று உண்டு. நான் அதைக் கொடுத்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டு, “லேட்டா வந்திருக்கீங்களே” என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை நான் அச்செடுத்தே கொண்டு போயிருந்தேன். அதில் இருந்தது இதுதான்: தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்திருக்கிறது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு ஒரு பைசா பொறுப்பும் இல்லை. தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நம் கிளையின் வேலை நாட்களைத்தான் எண்ண வேண்டும். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு பகுதியை நாம் ஏற்க வேண்டிவரும். போனில் வாங்கிய புகார் எண்ணைக் காட்டியதும் அந்தப் பேச்சு அடங்கியது.

நாம் வங்கியிடம் சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில்தான் இருந்தது. எனக்கு வரவு வைத்தார்கள். சில வாரம் கழித்து, “உங்கள் கணக்கில் லாகின் செய்துதான் விளம்பரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நிறுவனம் சொல்கிறது” என்று மெயில் அனுப்பிவிட்டு அந்தத் தொகையைத் திரும்ப எடுத்தும் கொண்டார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். திருடன் என் சாவியைப் போட்டுத் திறந்ததற்குச் சாட்சி சொல்வதுபோல இருந்தது அந்தப் பதில்.

வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினேன். கோபத்தை எல்லாம் கழித்துவிட்டு ஒரே பக்கம். முன்பின் தெரியாத கருவியிலிருந்து லாகின் ஆனதன் ஸ்கிரீன்ஷாட், அந்த மெயில் ஃபில்டரின் படம், ஓடிய விளம்பரங்களின் படம், 1930 ஒப்புகை எண் எல்லாம் இணைப்பில். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்ற வரியையும், மோசடி என்று மறுத்த தொகைக்குத் தீர்வு வரும்வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்பதையும் குறிப்பிட்டேன். புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. போவேன் என்று கடைசி வரியில் சொன்னேன், போக வேண்டி வரவில்லை. இதற்கிடையில் கார்டு பில்லில் நாங்கள் உண்மையாகச் செலவழித்ததை மட்டும் கெடு தவறாமல் கட்டிக்கொண்டிருந்தேன்.

தொகை திரும்பி வந்தது. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால், டாலர் பரிவர்த்தனைக்கென்று போட்ட மார்க்கப் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் அப்படியே நிற்கின்றன. அதற்கு இன்னொரு மெயில். அடுத்த பில்லில் அதையும் கழித்தார்கள்.

விளம்பர நிறுவனம் கணக்கை முடக்கியது முடக்கியதுதான். பழைய விருந்தினர்கள் போட்ட படங்களும் கருத்துகளும் அதோடு போயின. இப்போது புதுக் கணக்கில் குறைந்த வரம்புள்ள தனிக் கார்டு இருக்கிறது. சந்தா போகும் நாளில் மட்டும் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் திறக்கிறோம், போனதும் மூடிவிடுகிறோம்.