கை படிக்கும் எழுத்து

ஜூன் 2, ஞாயிறு

ஜப்பானில் ஒகயாமா நகரத்துக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இத்தனை நாளும் நான் முதலில் கண்டிஷனரைத் தேய்த்து, அதற்கு மேல் ஷாம்பு போட்டுக் குளித்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. முதல் பாட்டிலில் நுரையே வராது, இரண்டாவதில் பொங்கும். சரி, இந்த ஊரில் நுரையைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே உயரம். மேலே எழுதியிருப்பது எனக்குக் கோலம் மாதிரி.

சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பில் தலைமுடி பிசுபிசுப்பதைப் பற்றி எப்படியோ உளறிவிட்டேன். சொல்லித் தருபவர் ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், எங்களுக்கு சென்சே. அவர் சிரிக்கவில்லை. பலகையில் ஒரு பாட்டிலை வரைந்து அதன் பக்கவாட்டில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் போட்டார். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். ஒரு பாட்டிலின் விலாவில் மேலிருந்து கீழே வரிசையாக மேடுகள், விரலுக்கு ரம்பம் மாதிரி படுகின்றன. இன்னொன்று மொழுமொழு. மேடு இருப்பது ஷாம்பு. தினமும் கையில் எடுத்த பாட்டில்தான். நான் எழுத்தைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்ததில் கையைக் கேட்கவே தோன்றவில்லை.

இந்த மேடுகளை 1991-ல் காவோ நிறுவனம் கொண்டுவந்ததாம். பார்வையற்றவர்கள் எது ஷாம்பு என்று தெரியாமல் சிரமப்படுவதைப் பார்த்துத் தொடங்கிய வேலை. ஆனால் தலையில் நுரையோடு நிற்கும்போது யாருக்குத்தான் கண் தெரிகிறது? தனக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டதால், இன்று இந்த நாட்டில் அநேகமாக எல்லா ஷாம்பு பாட்டிலிலும் இந்த ஏணிப்படி இருக்கிறது.

ஜூன் 5, புதன்

தயிர் விஷயமும் தீர்ந்தது. மூன்று தடவை உறைக்கு ஊற்றியும் மோர் மாதிரி நின்ற மர்மம். நான் வாங்கியது பாலே இல்லை. பால் மாதிரி அட்டைப் பெட்டியில், பசு படம் போட்டு வரும் ஏதோ ஒரு பானம்.

இந்த முறை சென்சே சொன்னபடி பெட்டியின் உச்சி விளிம்பைத் தடவினேன். சுத்தமான பாலாக இருந்தால் அந்த மடிப்பில் அரை வட்டமாக ஒரு வெட்டு இருக்கும், நகம் பதியும் அளவுக்கு. வெட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பெட்டியைத் திறக்க வேண்டிய வாய். ஒரே வெட்டில் இரண்டு தகவல். கொழுப்பு எடுத்ததற்கும் எதையாவது கலந்ததற்கும் பழச்சாறுக்கும் இது கிடையாது. 2001-லிருந்து வருகிறது. கட்டாயமில்லை என்றாலும் இங்கே பல பெட்டிகளில் பார்க்கிறேன்.

கடையில் பால் அடுக்கின் முன் நின்று ஒவ்வொரு பெட்டியின் தலையையும் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் மெதுவாக நகர்ந்து போனார்.

தயிர் கெட்டியாக உறைந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

நடைபாதை, ரயில் நிலையம், படிக்கட்டு எங்கே பார்த்தாலும் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட மஞ்சள் கட்டைகள் பதித்திருக்கிறார்கள் அல்லவா, அவை பிறந்தது இந்த ஊரில்தான் என்று இவர் எங்கேயோ படித்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. ட்ராமில் ஏறி, இறங்கி, மீதித் தூரத்தை நடந்தோம்.

(ட்ராமைப் பற்றி ஒரு வார்த்தை. வந்தது மோமோ என்ற வண்டி. 2002-ல் ஓடத் தொடங்கியது, வடிவமைத்தவர் இதே ஊர்க்காரரான எய்ஜி மிதோஓகா. உள்ளே மர இருக்கைகள். குளிர்ச்சியாக, அழகாகத்தான் இருந்தது. திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் வளர்ந்த எனக்கு மர இருக்கை பழசாகிப்போன வண்டியின் அடையாளம். இங்கே அதை யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறார்கள்.)

மாவட்டப் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சாலைச் சந்திப்பு. லாரிகள் போகின்றன. ஓரத்தில் ஒரு நினைவுக்கல். பார்ப்பதற்கு அவ்வளவுதான். இவர் ஒரு படம் எடுத்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று என்னைப் பார்த்தார், ஏதோ நான் அழைத்து வந்த மாதிரி.

செயிச்சி மியாகே இந்த ஊரில் தங்கும் விடுதி நடத்தியவர். பொறியாளர் இல்லை, அதிகாரி இல்லை. நண்பர் ஒருவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அவருக்காக யோசித்து 1965-ல் இந்தக் கட்டையை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று இந்தச் சந்திப்பில் முதன்முதலாகப் பதித்தார்கள். கைக்காசைப் போட்டுத்தான் பல ஊர்களுக்கும் கொண்டுபோனார். 1970-ல் ஓசாகாவின் அபிகோச்சோ ரயில் நிலையத்துக்கு வந்தது, அப்புறம் நாடு முழுக்க. நம்மூர் மெட்ரோ ரயில் நிலையங்களில் இருப்பதும் இதே குடும்பம்.

இலக்கணம் ரொம்ப எளிது. நீளக் கோடு என்றால் போகலாம். புள்ளி என்றால் நில், ஏதோ இருக்கிறது: ரோடு, படி, தண்டவாளம், திருப்பம். இரண்டே சொற்கள் உள்ள மொழி. நான் இந்த ஊரில் முழுசாகக் கற்று முடித்த முதல் மொழி இதுதான்.

கண்ணை மூடி, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கோட்டின் மேல் ஒரு ஐம்பது அடி நடந்து பார்த்தேன். செருப்பு தடிமன் என்பதால் முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்ததும் பாதத்துக்குக் கோடு பிடிபட்டது. புள்ளி வந்ததும் கால் தானாக நின்றது. கண்ணைத் திறந்தால் முன்னால் யாரோ சைக்கிளைக் கட்டை மேலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நடைபாதையின் மஞ்சள் கோடு நேராகப் போய் மின்கம்பத்தில் முட்டுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். இங்கே கம்பம் இல்லை, சைக்கிள் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும் பாட்டிக்கு இந்தக் கட்டைகளைக் கண்டாலே ஆகாது. சக்கரம் தட்டுகிறதாம். அதுவும் நியாயம்தான்.

ஜூன் 12, புதன்

போன பதிவைப் படித்துவிட்டு அக்கா போனில், ஜப்பான் முழுக்க ஒரே அமைதி, ஒரே அழகு போலிருக்கே என்றாள். அப்படியெல்லாம் இல்லை. எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும். மஞ்சள், சிவப்பு, ரோஸ் நிறத்தில் விலைச்சீட்டுகள் தோரணமாகத் தொங்கும். சின்ன டிவி ஒவ்வொன்றும் ஒரு பாட்டைப் பாடும். குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளில் நானூறு எழுத்தாவது இருக்கும், மூலையில் தலை வணங்கும் ஒரு பொம்மை.

கழிப்பறை தனி அத்தியாயம். பொதுக் கழிப்பறை ஒன்றில் சுவரில் இருந்த பலகையில் பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள், அத்தனையும் எழுத்து. தண்ணீர் விட என்று நினைத்து நான் அழுத்தியது அவசர உதவிக்கான மணி. வெளியே ஓடி வந்த ஊழியரிடம் கற்ற இரண்டே மன்னிப்புச் சொற்களையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கழிப்பறை தயாரிப்பாளர்கள் கூடி எட்டு பொதுப் படக்குறிகளுக்கு ஒத்துக்கொண்டதே 2017-ல்தான். அதற்கு முன் மாட்டிய பலகைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

ஜூன் 16, ஞாயிறு

கோராகுஎன் தோட்டம். 1687-ல் தொடங்கி 1700-ல் முடித்தது, இகேதா சுனமாசா என்ற பிரபுவுக்காக. பரந்த புல்வெளி, குளம், தூரத்தில் கறுப்புக் கோட்டை. கோட்டை தோட்டத்துக்குள் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆனால் தோட்டத்தின் காட்சிக்கு அதையும் கடன் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது ஒரு சின்ன மண்டபம். அதன் தரைத்தளத்துக்கு நடுவே ஓடை ஓடுகிறது, ஓடையில் ஆறு கற்கள். கால் நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. திரும்பும் வழியில் ஒரு சின்னக் கோயில். அதன் தோட்டத்துப் படிக்கற்களில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்து முதல் கல்லின் மேல், தேங்காய் அளவு உருண்டைக் கல் ஒன்று, கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே முடிச்சு. பார்சல் கட்டி யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி. இவர் அதைத் தாண்டிக் கால் வைத்தார். பின்னாலிருந்து ஒரு பெரியவர் லேசாக இருமினார். அவ்வளவுதான், இவர் காலை எடுத்துவிட்டார்.

வகுப்பில் கேட்டேன். அதன் பெயர் செகிமோரி இஷி. சுங்கச்சாவடிக் காவலன் கல் என்று சொல்லலாம். தேநீர் விருந்து நடக்கும் இடங்களின் தோட்டங்களில் இந்தப் பக்கம் வராதீர்கள் என்பதற்கு வைப்பது. வேலி இல்லை, பலகை இல்லை. ஒரு குழந்தை கூடத் தாண்டிவிடலாம். தாண்டக்கூடாது என்று தெரிந்தவரைத்தான் அது தடுக்கும். தெரியாதவரைத் தடுக்க இருமல் வேண்டும். இதில் ஒரு மேட்டிமை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஷாம்பு பாட்டிலின் ஏணிப்படி யாருக்கும் புரியும். இந்தக் கல் உள்வட்டத்து ஆள்களோடு மட்டும் பேசுகிறது.

சென்சே இன்னொன்றும் சொன்னார். விருந்தினர் வருமுன் பாதையில் தண்ணீர் தெளித்து வைப்பார்களாம், உச்சிமிசு. கல் ஈரமாக இருந்தால் எல்லாம் தயார், உள்ளே வரலாம். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் தெளிக்காத வீட்டைப் பார்த்தால் ஆள் ஊரில் இல்லை என்று நினைக்கிற தெருவில் பிறந்தவள் நான்.

ஜூன் 19, புதன்

சின்ன விபத்து. இவருடைய ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி, மதுரைப் பக்கம், குளிர்பானம் என்று நினைத்து எலுமிச்சை படம் போட்ட டப்பா ஒன்றை வாங்கி முழுசாகக் குடித்துவிட்டான். மது. டப்பா முழுக்கப் பழமும் பனித்துளியுமாக வரைந்தால் யாருக்குத் தெரியும்? வாய் திறக்கும் வளையத்துக்குப் பக்கத்தில் தடவிப் பார் என்றேன். சின்னச் சின்னப் புள்ளிகள். பிரெய்லில் ஒசாகே, அதாவது மது. பார்வை இல்லாதவர் தப்பித்திருப்பார், எலுமிச்சையைப் பார்த்தவன்தான் மாட்டினான்.

அக்கா, எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்கிறான். அவன் அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 23, ஞாயிறு

ரயிலில் இம்பே. பிசென் என்ற மண்பாண்டம் செய்யும் ஊர். செங்கல் புகைபோக்கிகள் வீடுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கின்றன. தெரு முழுக்கக் கடை, கடை முழுக்கப் பழுப்பு.

உண்மையைச் சொன்னால் போகும்போது எனக்கு ஆர்வமில்லை. ஜப்பான் என்றாலே ஆளாளுக்கு வாபி சாபி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உடைந்தது அழகு, குறை அழகு என்று ஒரு பஜனை. இங்கே பக்கத்து வீடுகளில் அந்தச் சொல்லை நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

ஆனால் பானை பானைதான். கையில் எடுத்ததும் பேச்சு நின்றுவிட்டது. வயலுக்கு அடியில் கிடக்கும் இரும்புச் சத்துள்ள களிமண். மெருகுப் பூச்சே கிடையாது. பைன் விறகில் ஏறத்தாழ இரண்டு வாரம், 1200 டிகிரி வரை சுடுகிறார்கள். பறந்து வந்து விழும் சாம்பல் உருகி எள் தூவின மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பெயரும் எள்தான், கோமா. சூளையில் எங்கே வைத்தார்கள் என்பதை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

ஒரு கோப்பையில் மட்டும் வெளுத்த உடம்பில் செக்கச்செவேல் என்று கோடுகள். தூரிகையால் தீட்டியது என்று நினைத்தேன். கடைக்கார அம்மாள் உள்ளே போய் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொண்டுவந்து, கோப்பையைச் சுற்றிக் காட்டினார். நெருக்கி அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று இடையில் வைக்கோல் வைத்தார்களாம். சூட்டில் வைக்கோல் எரிந்துபோகிறது. அது பட்ட இடத்தில் மண்ணோடு சேர்ந்து சிவக்கிறது. ஹிதாசுகி என்று பெயர். ஒட்டாமல் இருக்க வைத்தது ஓவியமாக நின்றுவிட்டது. இப்போது அந்தக் கோட்டுக்காகவே வைக்கோல் சுற்றுகிறார்கள் என்று சொல்லும்போது அவருக்கே சிரிப்பு.

வாங்கிவிட்டேன். விலையை இவரிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பயன்படுத்துமுன் தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார் அந்த அம்மாள், கறை உள்ளே இறங்காதாம். பிறகு என் விரலைப் பிடித்து அடிப்பாகத்தில் ஓட்டினார். சொரசொர. மேசையைக் கீறும், இன்னொரு பிசென் கோப்பையின் அடியோடு இதன் அடியைத் தேய்த்து மழுக்கிக்கொள் என்று சைகையில் காட்டினார். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அதனால்தான் இரண்டு வாங்க வேண்டும் என்றார். நல்ல வியாபாரி.

ஜூன் 28, வெள்ளி

அத்தையோடு வீடியோ பேச்சு. ஷாம்பு ஏணி, பால் வெட்டு, மது டப்பா எல்லாவற்றையும் கேமரா முன் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். அத்தைக்கு ஒரு கண்ணில் புரை. பொறுமையாகக் கேட்டார்கள்.

"ஏம்மா, இதுக்கா ஜப்பான் வரைக்கும் போகணும்?" என்று எழுந்து அடுக்களைக்குப் போனார்கள். போன் ஆடி ஆடி அலமாரியைக் காட்டியது. ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்றின் கழுத்தில் ரப்பர் பேண்டு.

"ரப்பர் போட்டது உப்பு. உங்க மாமா பாயாசத்துல உப்பை அள்ளிப் போட்ட அன்னைக்கு மாட்டினேன். இருபது வருஷம் இருக்கும்."

அந்த வீட்டில் நான் நாலு வருஷம் சமைத்திருக்கிறேன். டப்பா மூடி லூஸ் என்றுதான் அது மாட்டியிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வருகிற மாதம் அத்தை வருகிறார்கள், மூன்று மாதத்துக்கு. அவர்களுக்கென்று தனி ஷாம்பு வாங்க வேண்டாமாம், சீயக்காய் எடுத்து வருகிறார்களாம். எந்த டப்பாவில் என்று கேட்டேன். இரண்டு ரப்பர் பேண்டு போட்டதில்.