இடைக்காட்டூர் வழியில் ஒரு கருவாட்டுக் குழம்பு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள கத்தோலிக்கப் பங்குகளில் “இந்த வருஷம் எங்கே நடக்கிறீங்க?” என்ற கேள்வி கிளம்பிவிடும். ஓரியூருக்குத் திருப்பயணமாக நடப்பவர்கள் உண்டு. அது தூரம், நாள் கணக்காகும். எங்கள் பங்கில் நடப்பது இடைக்காட்டூருக்கு. மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர். மானாமதுரை சாலையில் போய் முத்தனேந்தலில் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதையை முடித்துவிட்டுக் கிளம்பினால், சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் திருஇருதய ஆண்டவர் கோயில் வாசலை மிதித்துவிடலாம். மார்ச் மாத வெயிலில் பகலில் நடக்கிற பேச்சே கிடையாது.

தெப்பக்குளம் வரை கூட்டம் கலகலவென்றுதான் இருக்கும். அங்கே பருத்திப்பால் வண்டியைப் பார்த்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்ட சூடான பருத்திப்பால், மேலே தேங்காய்ப்பூ. உண்ணாநோன்பு நாளில் இதைக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்க, “பால்தானே” என்று இன்னொருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். விரகனூர் தாண்டி நான்குவழிச் சாலை வந்ததும் பேச்சு அடங்கியது. முன்னால் ஒருவர் சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டு போக, கையடக்க ஒலிபெருக்கியில் செபமாலை. லாரி கடக்கும்போதெல்லாம் பாதி அருள்நிறை மந்திரம் காற்றோடு போகும். தண்ணீர் கேன்களும் நடக்க முடியாதவர்களும் பின்னால் குட்டியானை வண்டியில்.

எங்கள் கூட்டத்தில் ஒரு மரச்சிலுவை உண்டு. முறை வைத்துத் தூக்குவோம். இளைஞர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். கொப்புளம் வந்தால்தான் புண்ணியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. பாரம் சுமந்து பார்த்தால், இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீரேனே ஊர் சீமோன்மேல் மரியாதை கூடும். ஆனாலும் கிறிஸ்துவைப் போல வாழ்வது என்று பேச்சு வந்தாலே நாம் நேரே கல்வாரிக்குப் போய்விடுகிறோம். பாடுகளுக்கு முன்னால் அவர் ஊர் ஊராக நடந்தார். லூக்கா நற்செய்தியை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்: பாதி நேரம் யார் வீட்டிலாவது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இல்லையென்றால் சாப்பாட்டைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டுக்கே வருகிறேன். சிலைமான் தாண்டி, பூட்டியிருந்த ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அவரவர் கட்டிக்கொண்டு வந்ததுதான். அன்பியம் அன்பியமாக வட்டம் போட்டு, டிபன் கேரியரைப் பிரித்தார்கள். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழு. எங்கள் ஊர்களில் பக்கத்துப் பக்கத்து வீடு என்றால் பெரும்பாலும் ஒரே சாதி. யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் வட்டங்கள் அமைந்துவிட்டன. ஓரத்தில், விளக்கு வெளிச்சம் சரியாக எட்டாத இடத்தில், எங்கள் பங்கின் கடைக்கோடித் தெருக்காரர்கள். பலர் மாநகராட்சியில் தூய்மைப் பணி செய்கிறவர்கள்.

பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார் வண்டியிலிருந்து இறங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் எங்களுக்கு அவர் இன்னும் உபதேசியார்தான். எங்கள் வட்டத்தில் அவருக்கு இடம் போட்டு, இட்லியும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்திருந்தோம். அவர் இரண்டு இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டு நேரே அந்த ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

“என்னம்மா வாசனை இது? கருவாடா?”

“ஆமா உபதேசியாரே, நெத்திலிக் கருவாடு. கத்தரிக்காய் போட்டது. நீங்க சாப்பிட மாட்டீங்க, வெள்ளிக்கிழமை.”

“கறிதான் வேணாம்னு திருச்சபை சொல்லியிருக்கு. கருவாட்டுக்கு என்ன தடை? ஊத்து.”

அந்த அம்மா கரண்டியை எடுத்துவிட்டுத் தயங்கினார். கேரியர் கிண்ணத்தின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விளிம்பு. “இல்ல, எங்க பாத்திரத்துல...” என்று இழுத்தார். உபதேசியார் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். “இட்லி காஞ்சு போகுதும்மா.” ஊற்றினார். ஒரு வாய் வைத்துவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார் மனுஷன். “கருவாட்டுல உப்பு இல்லாம சர்க்கரையா இருக்கும்?” என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பு எங்கள் வட்டம் வரை கேட்டது. மறுபடியும் கேட்டு வாங்கினார்.

என் பக்கத்தில் இருந்தவர் காதோரம் கிசுகிசுத்தார்: “வயசான காலத்துல நாக்கைப் பாருங்கக்கா.”

இயேசுவைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள். பெருந்தீனிக்காரன், குடிகாரன், வரிதண்டுவோருக்கு நண்பன் என்று. மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் அதை அவரே எடுத்துச் சொல்கிறார்.

திருப்புவனம் வரை எனக்கு இதே யோசனைதான். எங்கள் பங்கிலிருந்து கிறிஸ்துமஸ் தோறும் அந்தத் தெருவுக்குச் சேலையும் கேக்கும் போகும். மழை வெள்ளம் என்றால் சாப்பாட்டுப் பொட்டலம் போகும். கொடுப்பதில் குறை வைத்தது கிடையாது. அங்கே போய் உட்கார்ந்து ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் இல்லை. கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கும், அது சுகமாகவும் இருக்கும். நற்செய்திகளில் இயேசு கூட்டத்துக்கு உணவு பகிர்ந்ததும் உண்டு. ஆனால் எத்தனை இடத்தில் அவர் விருந்தாளி என்று பாருங்கள். லேவி வீட்டில், பரிசேயர் சீமோன் வீட்டில், மார்த்தா மரியா வீட்டில். சக்கேயுவிடம் அழைப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை, மரத்திலிருந்து இறங்கச் சொல்லித் தானாகவே போகிறார். சிக்கார் ஊர்க் கிணற்றில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோது அந்தப் பெண்ணும் இப்படித்தான் திகைத்தாள்: யூதரான நீர் என்னிடம் கேட்கிறீரா? அங்கேயும் கேள்வி பாத்திரத்தைப் பற்றியதுதான்.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்துச் செய்யும் பெரிய வியாழன் சடங்கைப் பார்க்கும்போதும் எனக்கு இந்த எண்ணம் வரும். பன்னிரண்டு பேரையும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுவோம். அவர்கள் வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்ட காலோடு வந்து வரிசையாக உட்காருவார்கள். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று விதியை மாற்றினார், நல்ல மாற்றம். இருந்தாலும் அழுக்குக் காலை நீட்டுகிற கூச்சம் எப்படியிருக்கும் என்று இன்னும் எங்களில் யாருக்கும் தெரியாது. பேதுருவுக்குத் தெரிந்தது, அதனால்தான் முதலில் மறுத்தார்.

கூட நடந்த கல்லூரிப் பையன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்போ தத்துவ போதகர்?” என்றான். சரியான கேள்வி. மதுரை மண்ணில் நின்றுகொண்டு இதைப் பேசினால் அவரைத் தாண்டிப் போக முடியாது. தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் ராபர்ட் தெ நொபிலி இத்தாலியில் பிறந்த இயேசு சபைக் குரு, 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபையார் இங்கே முத்துக்குளித்துறை மக்களுக்குப் பணி செய்துகொண்டிருந்தார். அவரோடு இருந்தால் தன்னையும் பறங்கி என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நொபிலி தனியே குடிசை போட்டார். காவி உடுத்தினார், மரக்கறி உணவு, ஒருவேளைச் சாப்பாடு, சமையலுக்குப் பிராமணர். தமிழும் வடமொழியும் கற்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு ரோமாபுரி வரை போய், குடுமியும் பூணூலும் சந்தனமும் இருக்கலாம் என்று 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார்.

அவரைக் குறைத்துப் பேச நமக்குத் தகுதி போதாது. வார்த்தை மனுவுருவானதைத்தான் தன் வழியில் செய்து பார்க்கிறோம் என்று அவர் மனசார நம்பினார். தன் உடை, தன் நாட்டுச் சாப்பாடு, தன் பெருமை எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். ஆனால் இறங்கி வந்தவர் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார் என்று கேட்டால் பதில் கொஞ்சம் இடிக்கிறது. அதே ஊரில் பெர்னாண்டஸோடு சேர்ந்து சாப்பிட முடியாத நிலைக்கு வந்துவிட்டது அந்தத் தவம். எல்லாச் சாதியாரிடமும் போகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற ஏற்பாடு 1640 வாக்கில்தான் வந்தது. ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர் அந்த வழியில் வந்தவர். இரண்டு வகைச் சாமியார்கள், இரண்டு பந்தி. பின்னாளில் வடக்கன்குளத்தில் சாதியைப் பிரிக்கக் கோயிலுக்குள்ளேயே சுவர் எழும்பியது. 1910இல்தான் அதை இடித்தார்கள்.

“பிராட்டஸ்டண்ட்காரங்க மட்டும் ஒழுங்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் நேர் எதிர்வழியில் போனார்கள். 1840களில் அவர்கள் சாப்பாட்டையே சோதனையாக வைத்தார்கள். எல்லாரும் ஒரே சமையலைச் சேர்ந்து உண்ண வேண்டும், மறுத்தால் சபையிலிருந்து விலக்கு. பல பேர் விலக்கப்பட்டார்கள், அதில் உபதேசியார்களும் உண்டு. கொள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் பந்தியை விரித்து மற்றவர்கள் இலையைக் கண்காணித்தவர்களின் கை அப்போதும் மேலேதான் இருந்தது. எங்கள் உபதேசியார் யாரையும் வாங்க என்று கூப்பிடவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

“நான் கிறிஸ்துவைப் பின்பற்றுவது போல நீங்கள் என்னைப் பின்பற்றுங்கள்” என்று பவுல் சொன்ன வரியை நாள்காட்டியில் எல்லாம் போடுகிறோம். அது கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். முந்தின அதிகாரத்தைத் திருப்பினால், யார் வீட்டில் எதைச் சாப்பிடலாம் என்ற வழக்கு. அதே 11ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால், ஆண்டவரின் விருந்துக்குக் கூடிய இடத்தில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்று பவுல் கொதிக்கிறார். அந்தியோக்கியாவில் பேதுருவோடு நேருக்கு நேர் மோதியதும் பந்தி விஷயத்தில்தான்: பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் நைசாக விலகிக்கொண்டார். சாவி வாங்கின பேதுருவுக்கே அங்கே சறுக்கியது. நம் பாட்டிமார் பந்தி வஞ்சனை பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், ஆனால் அது பரிமாறுகிறவருக்கு மட்டும் சொன்னது என்று வைத்துக்கொண்டோம்.

முத்தனேந்தலில் திரும்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது. அப்புறம் வயல்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே திடுமென்று அந்தக் கோயில். முதன்முறை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை மனத்தில் வைத்து, பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1894இல் எழுப்பிய கோத்திக் கட்டடம். கூர்வளைவுகளும் தூண்களும் செங்கல்லும் சுண்ணாம்புமாகவே எழும்பியவை. வெளியே தெரியும் வளைவுக்கு வளைவு, முனைக்கு முனை தனித்தனி அச்சில் செங்கல் வார்த்திருக்கிறார்கள். உள்ளே போனால் தரை ஜில்லென்று இருக்கும். கொப்புளம் வந்த கால்களுக்கு அதைவிட ஆறுதல் கிடையாது. பீடத்துக்கு நேராக, திறந்த நெஞ்சைக் கையால் காட்டும் திருஇருதய ஆண்டவர். சிலர் முழங்காலிலேயே பீடம் வரை போனார்கள். உபதேசியார் கடைசி பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார். திருப்பலிக்கு எழுப்பினோம்.

நற்கருணை வரிசையில் எல்லாரும் கலந்துதான் நின்றோம். முன்னால் யார், பின்னால் யார் என்று யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அண்டாவில் வெண்பொங்கலும் சாம்பாரும். அங்கேயும் ஒரே வரிசைதான், பாக்குமட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு இடித்துக்கொண்டு வாங்கினோம். பார்த்தீங்களா, இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று எங்கள் அன்பியத்தில் ஒருவர் சந்தோஷப்பட்டார். எனக்கு அவ்வளவு லேசாகத் தோன்றவில்லை. பொங்கல் சமைத்தவர் காசுக்கு வந்த மாஸ்டர். ஓட்டலிலும் யார் சமைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. பேர் தெரிந்த, தெரு தெரிந்த ஒருவரின் அடுப்பிலிருந்து வரும்போதுதான் நம் கை தயங்குகிறது. பொங்கல் வரிசையில் அந்தச் சோதனையே வரவில்லை.

திரும்பும்போது பஸ்தான். மானாமதுரையிலிருந்து மதுரை போகும் வண்டியில் நின்றுகொண்டே தூங்கியவர்கள் உண்டு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பயணக் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில், வரும் வருஷம் யாரும் கேரியர் கட்டி வரக்கூடாது, இரவுச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே அண்டாவில் என்று உபதேசியார் ஒரு யோசனை சொன்னார். சர்க்கரை வியாதிக்காரர்கள் எழுந்தார்கள். வெள்ளிக்கிழமை கருவாடு கூடவே கூடாது என்று ஒரு பாட்டி எழுந்தார். செலவு, விறகு, பாத்திர வாடகை எல்லாம் பேசி ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். மாஸ்டரைக் கூப்பிடலாம் என்றார் பொருளாளர். எதற்கு மாஸ்டர், கடைக்கோடித் தெரு அம்மாக்கள் சமைக்கட்டும், நம் பெண்கள் காய் நறுக்கட்டும் என்றார் உபதேசியார். அதை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.