சேர் வரேல்லையோ?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் மதகுக்குக் கொங்கிரீட் போடும் நாள். ஸ்கூட்டியைப் பாலை மரத்தடியில் விட்டு ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே மேசன் கேட்டுவிட்டார். "சேர் வரேல்லையோ, பிள்ளை?" எஞ்சினியர் சேர் வரமாட்டார், நான்தான் ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்), இன்றைக்குக் கையெழுத்து என்னுடையது என்றேன். அவர் எனக்குப் பின்னால் வாகனம் ஏதும் வருகிறதா என்று பார்த்தார்.

மிக்ஸருக்குள் ஒரு பெடியன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான், அளவு கிளவு ஒன்றும் இல்லை. "இளகினால்தானே இறங்கும்" என்றார் மேசன். கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று அளக்கிற கூம்பை நானே ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். 300 மில்லிமீற்றர் உயரம், மூன்று படையாக நிரப்பி ஒவ்வொரு படைக்கும் கம்பியால் 25 குத்து, பிறகு ஆடாமல் நேரே மேலே தூக்கவேண்டும். தூக்கினேன். கலவை கஞ்சி மாதிரித் தட்டில் பரவிவிட்டது. குந்தியிருந்து அளக்கும்போது பின்னால் யாரோ "நல்லாச் சோறு குழைக்கிறா" என்றார்கள், ஒரே சிரிப்பு.

இந்தக் கலவை வேண்டாம், ஒரு பைக்கு 25 லீற்றர் தண்ணீர்தான் என்றேன். மேசன் உடனே சேருக்குப் போன் அடித்தார். சேர் என்னோடு கதைத்தார். "நீங்கள் சொல்றது சரிதான், ஆனால் கொஞ்சம் சமாளிச்சுப் போங்கோவன், பொம்பிளைப் பிள்ளை சைட்டில நிண்டு சண்டை பிடிக்கிறது வடிவில்லை." அவர் பொறியியல் பட்டதாரி, கொங்கிரீட்டைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். நான் கலவையைக் கொட்டவைத்தேன். அடுத்த கிழமையிலிருந்து எனக்குக் கந்தோரில் பைல் வேலை, வெயிலுக்குள் பிள்ளை ஏன் அலையவேண்டும் என்று அக்கறையாகத்தான் சொன்னார்கள்.

படித்தால் எல்லாம் மாறும் என்றுதான் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வளர்த்தார்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்தபோது பெட்டைக்கு ஏன் மட்ஸ், பயோ எடுக்கலாமே என்றார்கள், மட்ஸையே எடுத்தேன், பிறகு என்.வி.கியூ. 5 (தேசிய தொழில் தகைமை) டிப்ளோமாவும் முடித்தேன். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அந்த மதகடிக்கே நான் போயிருக்கமாட்டேன், அது உண்மை. இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, பக்கத்திலேயே ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது, ஏ9 வீதியில் பஸ்ஸால் இறங்கிப் போகிற பெட்டைகளைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களோடு ஒரே வகுப்பில் இருந்து படிக்கிற பெடியன்கள் நாளைக்கு 'சேர்' ஆவார்கள். எங்கள் சேரும் பெட்டைகளோடு சேர்ந்து படித்தவர்தான்.

இன்னொன்று. போர் நடந்த முகமாலையில் வெயிலுக்குள் முழங்காலில் இருந்து கண்ணிவெடி அகற்றினவர்களில் எத்தனையோ பேர் பெண்கள், அதிலும் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவர்கள் பலர். அந்த வேலைக்கு யாரும் "பொம்பிளைப் பிள்ளைக்கு வடிவில்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. உயிர் போகிற வேலையைச் செய்யலாம், மேசனுக்கு 'இல்லை' சொல்லக்கூடாது.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு ஆள் இல்லாமல் என்னைத் திரும்பவும் சைட்டுக்கு அனுப்பினார்கள். அதே மேசன். தேத்தண்ணி குடிக்கும் நேரம் பக்கத்தில் வந்து குந்தி, "மிஸ், அண்டைக்கு 25 லீற்றர் எண்டு சொன்னியள், அது என்ன கணக்கு?" என்று கேட்டார். ஒரு பை சீமெந்து 50 கிலோ, தண்ணீர் அதில் பாதி, மணல் ஈரமென்றால் இன்னும் குறைக்கவேண்டும், கூடினால் காய்ந்த பிறகு உள்ளே ஓட்டை விழும் என்று நிலத்தில் தடியால் கீறிக் காட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவர். அடுத்தமுறை போனபோது வாளியின் உள்பக்கம் சிவப்புப் பெயின்ரால் கோடு போட்டு வைத்திருந்தார்.

போன மாதம் அவர்தான் போன் எடுத்தார். மகள் ஓ.எல். பாஸ், மட்ஸ் படிக்க ஆசைப்படுகிறாளாம், அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதம் இல்லை, ரவுணுக்குத்தான் போகவேண்டும். விடவா என்று என்னிடம் கேட்கவில்லை. காலமை பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்.