தலையில் மினாரா சுமக்கும் வாசல்

கெய்ரோ போகிறவர்கள் பலரும் பிரமிடைப் பார்த்து, கான் அல் கலீலி சந்தையில் பேரம் பேசிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து முயிஸ் தெருவிலேயே தெற்கே, துணிக்கடைகளையும் பாத்திரக் குவியல்களையும் விலக்கிக்கொண்டு நடந்தால் பாப் சுவைலா வரும். எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபாக்கள் காலத்து மதிலில் மிச்சமிருக்கும் மூன்று பெரிய வாசல்களில் ஒன்று, 1092இல் பத்ர் அல் ஜமாலி என்ற வசீர் (தலைமை அமைச்சர்) கட்டியது. வடக்கே இருக்கும் மற்ற இரண்டும் சுத்தமான கோட்டை வாசல்கள், பார்த்தாலே விறைப்பு. இதன் இரண்டு கொத்தளங்கள் மேல் மட்டும் ஒவ்வொரு மினாரா நிற்கிறது.

அந்த மினாராக்களுக்குப் பின்னால் ஒரு கைதியின் கதை. வாசலை ஒட்டி ஒரு சிறை இருந்தது. அதில் பேன்கடியோடு கிடந்த முஅய்யத் ஷேக் என்ற மம்லூக் அமீர் (அடிமை வீரர்களாக வந்து எகிப்தை ஆண்டவர்கள் மம்லூக்குகள், அவர்களின் படைத்தலைவர் அமீர்), தப்பிப் பிழைத்தால் இதை இடித்து மசூதி கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். பிறகு அவரே சுல்தான் ஆனார். 1415இல் வேலையைத் தொடங்கியும்விட்டார். மசூதிக்கு மினாரா வேண்டுமே, பக்கத்தில் தயாராக நின்ற கொத்தளங்கள் மேலேயே ஏற்றிவிட்டார்கள்! முதலில் எழுப்பிய ஒன்று சாய்ந்துபோக, அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இதே வாசல் தூக்குமேடையாகவும் இருந்தது. 1260இல் மங்கோலிய மன்னன் ஹுலாகு அனுப்பிய தூதர்களைக் கொன்று, தலைகளை இங்கேதான் தொங்கவிட்டார் சுல்தான் குதுஸ். 1517இல் கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பாயை உஸ்மானியர்கள் (ஒட்டோமான் துருக்கியர்கள்) தூக்கிலிட்டதும் இங்கேதான். கயிறு இரண்டு தடவை அறுந்ததாம். அப்புறமும் விடவில்லை.

டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறலாம். மினாராவுக்குள் சுழல்படி மிகக் குறுகல், எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆகவேண்டும், மூட்டுவலிக்காரர்கள் கொத்தளத்தின் மொட்டைமாடியோடு நின்றுகொள்ளலாம். ஆனால் ஏற முடிந்தால் ஏறிவிடுங்கள்: ஒரு பக்கம் சுல்தானின் மசூதி முற்றம், தூரத்தில் சலாஹுத்தீன் கோட்டை, நடுவில் டிஷ் ஆன்டெனாவும் புழுதியுமாக மொட்டைமாடிகள்.

இறங்கியதும் வந்த வழியே திரும்பாமல் வாசலைத் தாண்டி வெளியே போங்கள். எதிரிலேயே 1160இல் கட்டிய சாலிஹ் தலாயி மசூதி. தெரு மட்டம் நூற்றாண்டுகளாக உயர்ந்துகொண்டே வந்ததால் அதன் அடித்தளக் கடைகள் இப்போது பள்ளத்தில் கிடக்கின்றன. அதையொட்டிக் கூரை போட்ட கய்யாமிய்யா தெருவில் கூடாரத் துணி தைப்பவர்கள் இன்னமும் கையாலேயே ஒட்டுத்தையல் போடுகிறார்கள். எனக்கு கான் அல் கலீலியைவிட இந்தத் தெருதான் பிடித்தது. பேரம் இங்கேயும் உண்டு.