இறங்கிய கண்ணாடி ஏற மூன்று வாரம்

பெட்ரோல் பங்கில் காசு கொடுத்துவிட்டு, கார் கண்ணாடியை ஏற்ற ஸ்விட்சைத் தூக்கினேன். கண்ணாடி பாதி ஏறியதும் கதவுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், சரிந்து உள்ளே போய்விட்டது. மறுபடி தூக்கினால் 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் ஓடுகிறது. நவம்பர் மாதச் சென்னை. வீடு வந்து சேர்வதற்குள் வலது தோள் முழுக்க நனைந்துவிட்டது.

வண்டி 2010 மாடல். தெருமுனை மெக்கானிக் கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மோட்டார் போயிடுச்சு சார், மெஷினோட சேர்த்து முழுசா மாத்தணும்" என்றார். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை. மோட்டார் போயிருந்தால் அந்த 'விர்ர்' எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சரி, நாமே திறந்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

அவர் மெஷின் என்றது விண்டோ ரெகுலேட்டரை, அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பை. என் வண்டியில் இருப்பது கேபிள் வகை. நின்றபடி ஒரு இரும்புத் தண்டவாளம், அதன் மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன உருளை, அவற்றைச் சுற்றி ஓடும் மெல்லிய எஃகு கேபிள். கேபிளின் இரு முனைகளும் மோட்டாரோடு ஒட்டிய ஒரு டிரம்மில் போய்ச் சுற்றிக்கொள்கின்றன. தண்டவாளத்தில் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் துண்டுதான் ஸ்லைடர். கண்ணாடி அதில்தான் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் வாளிக்குப் பதில் கண்ணாடி, அவ்வளவுதான் விஷயம்.

முதல் சனிக்கிழமை கதவின் உள்பக்கப் பலகையான டோர் பேடைக் கழற்றினேன். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, கைப்பிடிக் குழிக்குள் மூடி போட்டு மறைத்திருந்த ஒரு ஸ்க்ரூ, கதவு திறக்கும் லீவருக்குப் பின்னால் ஒன்று, பிறகு ஓரம் முழுக்க கிளிப்புகள். பழைய பிளாஸ்டிக் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினேன். ஒவ்வொரு கிளிப்பும் பட் பட்டென்று விடும்போது எது கிளிப் சத்தம், எது உடைகிற சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்பதில் நான்கு உடைந்திருந்தன. ஸ்விட்ச் ஒயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி பேடை ஓரமாக வைத்தால், பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், கறுப்புப் பசையில் ஒட்டியபடி. பலாப்பழம் உரித்த கை மாதிரி ஆகிவிட்டது. மருந்தும் அதேதான், தேங்காய் எண்ணெய்.

அந்த ஷீட்டைக் கிழிக்காமல் எடுப்பது முக்கியம். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது பேட் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட். தண்ணீர் வெளியே போக கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. என் கதவில் எல்லாம் அடைத்து, உள்ளே ஒரு விரல் உயரத்துக்குச் சேறு. வேப்பிலை, பார்க்கிங் சீட்டு, ஒரு ரெண்டு ரூபாய் காசு. துடைப்பத்து ஈர்க்கால் குத்தியதும் கொளகொளவென்று தண்ணீர் கொட்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தால் கேபிள் அறுபடவில்லை, மோட்டாரும் நலம். ஸ்லைடர் நடுவில் பிளந்து, கேபிளில் இருக்கும் உலோகக் குமிழ் அதிலிருந்து நழுவிக் கிடந்தது. கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக். இதற்குத்தான் ஐயாயிரம்.

இங்கேதான் என் கருமித்தனம் வேலை செய்தது. இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியை வாங்கி ஒட்டி, மேலே செம்புக் கம்பியால் வரிந்து கட்டி, ஒரு இரவு காயவிட்டு மாட்டினேன். கண்ணாடி ஏறியது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பது தடவை ஏறி இறங்கியது, பத்தாவதில் மறுபடி 'டக்'. அந்த ஜாதிப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்கவே பிடிக்காது. மேலே தோல் மாதிரி நின்று, இழுத்ததும் உரிந்து வந்துவிடும். உரிந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இரண்டாவது சனி புதுப்பேட்டை, சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் இடம். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கடைக்காரர் பார்க்கவே இல்லை. "போட்டோல்லாம் வேணாம் தம்பி, பழசைக் கழட்டி எடுத்துட்டு வா. ரைட்டா லெஃப்டா, முன்னாடியா பின்னாடியா, எல்லாமே வேற வேற." திரும்பி வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, கதவுச் சட்டத்தின் மேலாக உள்ளிருந்து வெளிப்பக்கம் வரை மாஸ்கிங் டேப்பை நான்கு பட்டையாக ஒட்டி நிறுத்தினேன். பத்தாம் நம்பர் நட்டுகள் ஐந்தைக் கழற்றி, ரெகுலேட்டரை மடக்கித் திருப்பி கதவின் பெரிய ஓட்டை வழியாக உருவினேன். அதே நாள் சாயங்காலம் மறுபடி புதுப்பேட்டை. மோட்டார் இல்லாத பழைய ரெகுலேட்டர், பேரம் பேசி எண்ணூறு.

மோட்டாரை மாற்றும்போது செய்த தப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மோட்டாரை மூன்று ஸ்க்ரூதான் பிடித்திருக்கிறது. கழற்றி இழுத்தேன், டிரம்மும் கூடவே வெளியே வந்தது. அடுத்த நொடி கேபிள் சுருள் 'விஷ்' என்று அவிழ்ந்து முகத்துக்கு நேராகத் துள்ளியது. கேபிள் உறையின் முனையில் ஸ்பிரிங் இருக்கிறது. கேபிளை எப்போதும் விறைப்பாக வைத்திருப்பது அதன் வேலை. டிரம்மில் திருகு மாதிரிப் பள்ளம் ஓடும். ஒரு முனை ஒரு பக்கத்திலிருந்து சுற்ற வேண்டும், மற்றது எதிர்ப்பக்கத்திலிருந்து. ஒன்று சுற்றும்போது மற்றது அவிழ வேண்டும். நல்ல வேளை, அவிழ்ந்தது என் பழையது. ஆனாலும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி அதைச் சுற்றிப் பார்த்தேன், எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள. வாங்கி வந்ததில் டிரம்மைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் மோட்டாரை உட்கார வைத்தேன். மாட்டுவதற்கு முன்னால் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் ஓடியது. மோட்டார் மேல் இனி சந்தேகம் இல்லை.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கண்ணாடியை மனைவி பிடித்துக்கொண்டாள். "விடட்டுமா?" "விட்டுடாதே!" இதையே ஒரு பத்துத் தடவை பேசியிருப்போம். பக்கக் கண்ணாடி டெம்பர்டு, அதாவது சூடாக்கி உறுதியாக்கியது. அகலப் பரப்பில் அடித்தால் தாங்கும், ஓரம் கல்லில் இடித்தால் பொடிப்பொடியாகிவிடும். தண்டவாள நட்டுகளை முதலில் லேசாக மட்டும் பிடித்து, கண்ணாடியை முழுக்க மேலே ஓட்டி, அது தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு இறுக்கினேன்.

ஏறியது. ஆனால் மேலே போகப் போக முனகியது. கடைசி நான்கு விரல் தூரத்தில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. மொத்தம் 14 விநாடி. இடது பக்கம் 5 விநாடி. பேடை மூட மனசு வரவில்லை. புது ஸ்லைடரும் இதே பாரத்தை இழுத்தால் இன்னும் எத்தனை மாசம்?

மூன்றாவது சனி கண்ணாடியை முழுக்க வெளியே எடுத்து தலையணை மேல் சாய்த்து வைத்தேன். கீழ் ஓரத்திலும் இரண்டு பக்க ஓரங்களிலும் மஞ்சளாக ஒரு பிசுக்கு. விரலை வைத்தால் ஒட்டுகிறது. 2012-ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றதும் அவசரமாக உரித்தோமே, அந்தப் பசை! உரித்துக் கொடுத்தவர்கள் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் துடைத்திருக்கிறார்கள். கதவுக்குள் மறைந்த பாகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? இத்தனை வருஷத் தூசியும் அதில் சேர்ந்து, ரப்பர் சேனலைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பாவம், ஸ்லைடர் என்ன செய்யும்.

கண்ணாடியை மண்ணெண்ணெயும் பழைய பிளேடும் வைத்துச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். ரப்பரில் மண்ணெண்ணெய் படக் கூடாது, ஊதிவிடும். அதற்கு ஸ்டீல் ஸ்கேலில் ஈரத்துணி சுற்றிச் சேனலுக்குள் விட்டு இழுத்தேன். ஆறு துணி கறுப்பாக வந்தது, ஏழாவது சாம்பல் நிறம். காய்ந்த பிறகு சிலிகான் ஸ்ப்ரே. தண்டவாளத்துக்கு வெள்ளை கிரீஸ் ஒரு பூச்சு.

மறுபடி மாட்டி ஸ்விட்சைத் தூக்கினேன். 5 விநாடி. நம்பாமல் நாலைந்து தடவை பார்த்தேன்.

மொத்தச் செலவு எபாக்ஸி, ஸ்ப்ரே, இரண்டு தடவை புதுப்பேட்டை போன பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு. ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உடைந்த கிளிப்புகளுக்கு இன்னும் மாற்று வாங்கவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் பேட் கடகடக்கிறது. கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு பக்கம் போகும்போது வாங்க வேண்டும். வாங்கிவிட்டு, அப்படியே அந்த ஸ்டீல் ஸ்கேலோடு இடது பக்கக் கண்ணாடிக்கும் போகப் போகிறேன். அதிலும் அதே ஃபிலிம்தான் இருந்தது.