மரபுத்தொடர்க் கொப்பி

எங்கள் காலத்து ஆங்கில வகுப்பில் மரபுத்தொடர்களுக்கென்றே தனிக் கொப்பி இருந்தது. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். பாடமாக்கினால் பரீட்சைக்குப் போதும். லண்டனில் வாய் திறக்கும்போது சறுக்குவது பொருளில் அல்ல, நாம் கவனியாமல் விட்ட சின்னச் சொற்களில்.

'ஆல் அட் சீ' என்றால் திக்குத்திசை தெரியாமல் தடுமாறுவது. கரை மறைந்த கப்பலின் நிலை. இடையில் ஒரு 'த' நுழைந்து 'அட் த சீ' ஆனால், கடலோரத்தில் நிற்பதாகிவிடும். 'மேக் ஹெட் ஓர் டெயில் ஒஃப் இட்', அதாவது ஒன்றின் பொருள் பிடிபடுவது, பெரும்பாலும் எதிர்மறையிலோ கேள்வியிலோதான் வரும். பிரித்தானிய வழக்கில் தலையும் வாலும் ஒருமையிலேயே நிற்கவேண்டும். 'ஹெட்ஸ் ஓர் டெயில்ஸ்' காசு சுண்டுகிறவர் கேட்பது. குழம்பி நிற்பவரைப் பற்றிச் சொல்லும் 'டஸ்ன்ட் நோ வெதர் ஹீஸ் கமிங் ஓர் கோயிங்' என்ற தொடரில் 'கமிங்' முன்னே, 'கோயிங்' பின்னே. நம் நாக்கு 'போறதோ வாறதோ' என்று பழகியதால் இது அடிக்கடி தலைகீழாகிறது.

'அட் சிக்சஸ் அன்ட் செவன்ஸ்', அதாவது எல்லாம் தாறுமாறாகக் கிடப்பது. இதற்கு லண்டனில் சொல்லப்படும் கதை சுவையானது. ஸ்கின்னர்ஸ், மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் என்ற இரு வணிகக் குழுக்கள் ஊர்வலத்தில் ஆறாம் இடம் யாருக்கு என்று மோதிக்கொண்டன. 1484இல் நகர மேயர் ரொபர்ட் பில்லெஸ்டன், இரு குழுக்களும் ஆண்டுக்கு ஆண்டு ஆறாம் ஏழாம் இடங்களை மாற்றிக்கொள்ளட்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த முறை இன்றும் நடக்கிறது. ஆனால் தொடர் அங்கே பிறந்திருக்க முடியாது. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சோசரின் கவிதையில் 'சிக்ஸ் அன்ட் செவன்' வந்துவிட்டது. தாயக்கட்டைச் சூதாட்டத்திலிருந்து வந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புத்தியுள்ளவரைப் பாராட்ட, 'ஷீ ஹாஸ் ஹேர் ஹெட் ஸ்க்ரூட் ஓன்' எனலாம். 'ஹேர்' ஆளுக்கேற்ப மாறும். ஆனால் 'எ ஸ்க்ரூ லூஸ்' வசவு. இரண்டிலும் திருகாணி இருப்பதால் பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

'யூஸ் யுவர் லோஃப்', அதாவது மூளையைப் பாவி என்பது, கொப்பியில் இருந்ததாக நினைவில்லை. இது கிழக்கு லண்டன்காரரின் எதுகைப் பேச்சு: 'ஹெட்'டுக்கு எதுகையாக 'லோஃப் ஒஃப் பிரெட்', பிறகு எதுகைச் சொல்லான 'பிரெட்'டையே விட்டுவிடுவார்கள். கூட்டாளிக்குச் சொல்லலாம், மேலதிகாரிக்குக் கூடாது.

'கொமன் சென்ஸ்' முன்னால் 'எ' வராது. 'நோ எனி கொமன் சென்ஸ்' என்பதும் நம்மவர் பிழைதான், 'நோ' ஒன்றே போதும். அதே பொருளில் பிரித்தானியர் சொல்லும் 'நவுஸ்' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ஹவுஸ்' போல ஒலிக்கவேண்டும். அமெரிக்காவில் 'நூஸ்' என்றும் கேட்கும்.