தண்ணீர் மேல் ஒரு வீடு பார்க்கிறோம்

நவம்பர் 4, 2025, மன்னார்குடி

வருகிற மாசியோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். மாலத்தீவில் கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய மரவீடுகளைப் படம் படமாக அனுப்பித் தள்ளுகிறாள் மகள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடக் கூடாதுன்னு நாம மணல் மூட்டை அடுக்குறோம். தண்ணிக்குள்ள போயிக் குடியிருக்கக் காசு வேற குடுக்கணுமா?"

நவம்பர் 9

தேதியே பெரிய சிக்கல். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வராமல் இவர் ஊரை விட்டு நகரமாட்டார். ஆக, பிப்ரவரி கடைசி. நம்மை ஐப்பசி கார்த்திகையில் நனைத்தெடுக்கிற வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே தெளிந்த வானத்தைக் கொண்டுவருமாம். பிப்ரவரியில் மழை குறைவு, அதனால் வாடகை உச்சம். மே முதல் அக்டோபர் வரை மலிவு. ஆனால் அங்கே மழை, இங்கே குறுவை.

நவம்பர் 15

டிராவல்ஸ்காரர் ஒரு இரவுக்கு 400 டாலர் என்றார். பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி. அது என்னவென்று நான் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17 சதவீதம் ஜிஎஸ்டி, அப்புறம் தலைக்கு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. போட்டுப் பார்த்தால் 539 டாலர்! கடல் விமானத்துக்குத் தனி. அதுவும் பகலில்தான் பறக்கும். இருட்டுகிற நேரத்தில் தலைநகர் மாலேயில் போய் இறங்கினால் அன்றைய ராத்திரி அங்கேயே தங்கல்தான். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டில் போகிற தீவுகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். பட்டியல் பாதியாகக் குறைந்தது.

நவம்பர் 16

எல்லாப் படத்திலும் தண்ணீர் ஒரே நீலம். ஆனால் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். வெறும் மணல் தரை என்றால் ஏணியில் இறங்கி இடுப்பளவில் நிற்கலாம், மீன் அதிகம் இருக்காது. மீன் வேண்டுமானால் பவளப்பாறை விளிம்புக்குப் போகவேண்டும். அங்கே திடீரென்று ஆழம். எனக்கு நீச்சல் தெரியாது. இவர் பாமணியாற்றில் குதித்து வளர்ந்தவர். முத்துப்பேட்டைக் காயலில் படகு ஆடியதற்கே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டவரும் இவர்தான், அது வேறு கதை.

நவம்பர் 23

முடித்தாயிற்று. இரண்டு இரவு கரையோர வீடு, இரண்டு இரவு தண்ணீர் வீடு. வீடு ஆழமில்லாத பக்கம், பாறை விளிம்பு நீந்திப் போகிற தூரம். சூரியன் மறைகிற பக்கத்துக்குக் கூடுதல் காசு கேட்டார்கள்; உதிக்கிற பக்கமே போதும், எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவோம்.

குடிதண்ணீருக்குக் கடல்நீரைத்தான் சுத்திகரிக்கிறார்கள் என்றேன். "ஆறே கிடையாதா?" என்றார் இவர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

தரையில் கண்ணாடி பதித்திருக்கும், கீழே மீன் ஓடுவது தெரியும் என்று அத்தையிடம் சொன்னேன். "ரெண்டு பிடிச்சுக் குழம்பு வைக்கலாமே?" அங்கே தூண்டில் போடக் கூடாது என்றதும், அந்த ஊர் மேல் அத்தைக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது.